குங்கிலியத்துக்குள் இருந்த காசு

என் கையெழுத்தை வாசிக்கக் கஷ்டப்படுவீர்கள். அதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். எழுத்துப் பிழைகளும் நிறைய விட்டிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. அதன்பிறகு இந்தக் கை பேனையைவிடப் பிரஷ்ஷைத்தான் அதிகம் பிடித்தது. நான் உடைந்த பைபர் போட்களுக்கு ஒட்டுப் போடுகிறவன். றெசின் என்கிற ஒட்டுப் பசை பட்டுப் பட்டு விரல் நுனிகள் தடித்து, தோல் செத்துப்போய்விட்டது. பேனை விரலில் இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மகள் திருத்தித் தருகிறேன் என்று சொன்னாள். எழுத்துப் பிழையை மட்டும் திருத்து, சொன்னதை மாற்றாதே என்றேன்.

என் கொட்டிலுக்கு வருகிற சிலர் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். பழைய காசு கிடைத்தால் அதை வீட்டில் இருக்கிற சாமான்களால் கழுவலாமா, கழுவினால் பழுதாகுமா? எனக்கு வாயால் விளக்கம் சொல்ல வராது. நாலு பேர் முகத்தைப் பார்த்தால் சொல்ல நினைத்தது மறந்துபோகும். "வேணாம்" என்றோ "பரவாயில்ல" என்றோ சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுவேன். போன கிழமை எத்தாளைப் பக்கமிருந்து ஒருவர் தார் பிடித்த காசொன்றைக் கொண்டுவந்து, "அசிட்டோன்ல போட்டுத் தாங்க நானா" என்றார். நானா என்றால் எங்கள் ஆட்களிடம் அண்ணன். அதை வாங்கி வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். "என்ன நானா, ஓதிப் பார்க்கிறீங்களா?" என்று சிரித்தார். அவருக்குச் சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் இப்போது இருக்கிற கற்பிட்டிப் பக்கத்து மணலில் பழைய காசு கிடக்கும். வெங்காயப் பாத்தி கொத்தும்போது வரும். கிணற்றில் சேறு அள்ளும்போது வரும். அநேகமாக ஒல்லாந்தர் காலத்துச் செம்புக் காசுகள். சண்டை முடிந்து வெளியூர் ஆட்கள் வரத் தொடங்கிய பிறகுதான் அவற்றைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரிந்தது. அப்படி வந்தவர்களில் ஒருவர் சிலாபத்து மாத்தயா. வயதான சிங்கள ஆள், அதனால் மாத்தயா, அதாவது ஐயா. தமிழ் நன்றாகக் கதைப்பார். சட்டைப் பையில் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். உடைந்த போட் ஒன்றின் விளிம்பில் உட்கார்ந்து, கொண்டுவருகிற காசுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். வீதியோரம் நிழல் உள்ள இடம் என் கொட்டில்தான் என்பதால் அவர் அங்கே உட்காரத் தொடங்கினார். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஒருநாள் குறிஞ்சிப்பிட்டி வெங்காயத் தோட்டக்காரர் ஒருவர் பளபளவென்று ஒரு காசைக் கொண்டுவந்தார்.

"ஆர் இதைக் கழுவினது?" என்று மாத்தயா கேட்டார்.

"நான்தான் மாத்தயா. தேசிக்காயும் சாம்பலும் போட்டு ஒரு தேய். பாருங்க, பொன் மாதிரி."

"பொன் மாதிரித்தான். ஆனா இது செம்புக் காசு. தோலை உரிச்சிட்டீங்களே."

"தோலா? ஆட்டுக்குத் தோல் இருக்கு, மாட்டுக்குத் தோல் இருக்கு. காசுக்கு ஏது மாத்தயா தோல்?"

"இருக்கு. அந்தக் கறுப்புத்தான் தோல். அது வர நூறு, இருநூறு வருஷம் போகும். நீங்க ஒரு தேய்ல எடுத்திட்டீங்க. கொண்டுபோய் பெண்சாதிக்கு மூக்குத்தி செஞ்சு குடுங்க."

"அவட மூக்கு இவ்வளவு பெருசில்ல மாத்தயா."

எல்லோரும் சிரித்தார்கள். தோட்டக்காரரும் சிரித்தார். ஆனால் போகும்போது அந்தக் காசை வேலியோரம் எறிந்துவிட்டுப் போனார்.

அன்று மாத்தயா சொன்னதை நான் மறக்கவில்லை. தேசிக்காய், புளி, வினாகிரி, கக்கூஸ் கழுவுகிற அசிட், இவை எல்லாம் காசைத் தின்னும். சாம்பல், பற்பசை, பித்தளை மினுக்குகிற திரவம், இவை கீறும். மண்ணெண்ணெயும் பெற்றோலும் உலோகத்தைத் தின்னாது, ஆனால் எண்ணெய் படிந்து நிற்கும். கடையில் விற்கிற தின்னர் பல சாமான் கலந்தது, உள்ளே என்ன இருக்கிறதென்று விற்கிறவனுக்கே தெரியாது. பெண்பிள்ளைகள் நகப்பூச்சு அழிக்கிற தண்ணீரில் அசிட்டோன் இருக்கும், கூடவே வாசமும் நிறமும் எண்ணெயும் இருக்கும். கலப்பில்லாத அசிட்டோன் மட்டும்தான் காசைத் தொடாமல் அதன் மேலிருக்கிற பசை, எண்ணெய், பெயின்ற், தார் போன்றவற்றை எடுக்கும். அதையும் தேய்க்கக் கூடாது. ஊறப் போட்டு, மரக்குச்சியால் எடுத்து, திரும்பவும் புதிய அசிட்டோனில் ஒருதரம் அலசிக் காற்றில் காயவிட வேண்டும்.

கலப்பில்லாத அசிட்டோன் எங்கள் பக்கத்தில் என்னிடம்தான் இருந்தது. றெசின் பூசிய பிரஷ்ஷைக் கையோடு அதில் கழுவாவிட்டால் அது கல்லாகிவிடும். அதனால் கொட்டிலில் எப்போதும் ஒரு தகர டின் நிறைய அசிட்டோன் இருக்கும். அப்படித்தான் காசு கழுவுகிற வேலையும் என் தலையில் வந்து விழுந்தது. ஆரம்பத்தில் ஒருவர் பிளாஸ்ரிக் தயிர்க் கோப்பையில் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். கோப்பை உருகி, காசு போய் அதில் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு கண்ணாடிக் கிளாஸ்தான். வெளியில் காற்றோட்டமாக வைத்துத்தான் ஊற்றுவேன். பீடிக்காரர்கள் வந்தால் தூரப் போகச் சொல்லுவேன். அது ஒன்றைத்தான் நான் சத்தமாகச் சொல்லுவேன்.

அசிட்டோன் காசை ஒன்றும் செய்யாது, காசல்லாத எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும் என்று மாத்தயா சொன்னபோது எனக்கு அது நல்ல செய்தியாகத்தான் பட்டது.

இனி என் வாப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாங்கள் மன்னார்ப் பக்கத்துக் கடற்கரை ஆட்கள். வாப்பா மரத்தில் வள்ளம் கட்டுகிற ஓடாவி. எங்கள் ஊர் ஓடாவிமாரிடம் ஒரு வழக்கம் இருந்தது. புது வள்ளம் கட்டி முடியும்போது அணியத்துக் கட்டையில், அதாவது முன்பக்கத்துக் கட்டையில், சின்னதாக ஒரு குழி தோண்டுவார்கள். உருக்கிய குங்கிலியம் கொஞ்சம் ஊற்றி, அதில் ஒரு காசை வைத்து, மேலே இன்னும் கொஞ்சம் ஊற்றி மூடிவிடுவார்கள். குங்கிலியம் என்பது மரப்பிசின். எண்ணெயில் காய்ச்சி, பலகை இடுக்குகளில் தண்ணீர் வராமல் பூசுவது. காசு அதற்குள் மிட்டாய் போல இருக்கும், வெளியில் தெரியாது.

மற்ற ஓடாவிமார் கைக்கு வந்த காசைப் போடுவார்கள். மேலே ஈரத் துணியால் ஒரு அழுத்து அழுத்துவார்கள். வாப்பா வெள்ளைக்காரர் காலத்து, ராசா தலை போட்ட பழைய காசுதான் போடுவார். புதுக் காசு உப்புக்குத் தாங்காது என்பார். துணியால் அழுத்தவும் மாட்டார். குங்கிலியம் கொஞ்சம் ஆறியதும் வலது பெருவிரலை எச்சிலில் நனைத்து அழுத்துவார். அந்தப் பெருவிரலை ஒருமுறை வாச்சி வெட்டியிருந்தது. வாச்சி என்றால் மரம் செதுக்குகிற ஆயுதம். காயம் ஆறிய பிறகும் விரலின் நடுவால் ஒரு பள்ளம் இருந்தது. அதனால் அவர் அழுத்திய இடத்தில் குழியும், குழியின் நடுவில் ஒரு சின்ன வரம்பும் நிற்கும். வெட்டுப்பட்ட நாட்களில் அந்த விரலுக்கு மருந்து கட்டியது உம்மாதான்.

தனக்கென்று கட்டிய கடைசி வள்ளத்துக்கு அவர் காசு வைத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். "ஊது" என்றார். ஆறுவதற்காக நான் ஊதினேன். சூடு முகத்தில் அடித்தது. "போதும், போதும், கல்லாக்கிப் போடாதே" என்று சிரித்துக்கொண்டே விரலை வைத்தார்.

தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில், வடக்கு முஸ்லிம்களான எங்களை ஆயுதம் வைத்திருந்த இயக்கக்காரர் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். அது எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் நீட்டவில்லை. மழையில் கரையில் நின்றோம். கற்பிட்டிக்குப் போகிற இயந்திரப் படகொன்றில் உம்மா, என் அக்காவான ராத்தா, நான் மூன்று பேருக்கும் இடம் கிடைத்தது. வாப்பாவுக்கும் இடம் இருந்தது. ஆனால் வள்ளத்தையும் ஆயுதப் பெட்டியையும் விட்டுவிட்டுப் போனால் அங்கே போய் எதைத் தின்பது என்றார். "நீங்க போங்க, நான் வள்ளத்தில பாய் விரிச்சுப் பின்னால வாறன்" என்று படகை அவரே கையால் தள்ளிவிட்டார். கடல் கொந்தளிப்பாக இருந்தது.

அவர் வரவில்லை.

கற்பிட்டியில் அகதி முகாமின் ஓலைக் கொட்டிலில் இருந்தபோதும், பிறகு காணித் துண்டு கிடைத்து வீடு கட்டியபோதும், உம்மா பின்னேரத்து அஸர் தொழுதுவிட்டுக் கரைக்குப் போய் இருப்பார். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னால் எழும்பி வருவார். மௌத்தானவர், அதாவது இறந்துபோனவர், என்று யாராவது வாய் தவறிச் சொன்னால், "ஆர் கண்டது? நீ கண்டியா?" என்று கேட்பார். இறந்தவர்களுக்கு ஓதுகிற கத்தத்தை வாப்பாவின் பேரில் ஓத விடமாட்டார். புருசன் மௌத்தானால் பெண்கள் நாலு மாதம் பத்து நாள் வெள்ளை உடுத்தி, வெளியில் போகாமல் இத்தா இருக்க வேண்டும். உம்மா பெருநாளைக்குப் பச்சைச் சேலை கேட்டு வாங்கி உடுத்துவார். கிணற்றடியில் பெண்கள் அதைக் கதைப்பார்கள். "வள்ளக்காரர் வாறாராம், மாப்பிள்ளைக்குச் சோறு போடுங்க" என்று ஒருத்தி உம்மா காது கேட்கவே சொன்னாள். உம்மா, "வந்தா உன்னையும் கூப்பிடுறன்" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

காணாமற்போய் இவ்வளவு காலமாகிவிட்டால் மௌத்தானதாக எடுத்துக்கொள்ளலாம் என்று மௌலவி சொல்லிப் பார்த்தார். ராத்தாவின் மாப்பிள்ளை, என் மச்சானும் சொன்னார். அவர் போட் இயந்திரம் திருத்துகிறவர். கெட்ட மனிதர் இல்லை. ஊர்க் காணி வாப்பாவின் பேரில் இருந்தது. அவர் இல்லையென்று உம்மா ஒரு வார்த்தை சொன்னால் திரும்பிப் போய் ஒரு குடிலாவது போடலாம் என்பது அவருடைய எண்ணம். உம்மா அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

சண்டை முடிந்ததும் மச்சானும் நானும் ஊருக்குப் போய்ப் பார்த்தோம். வீடு இருந்த இடம் காடு. கிணற்றுக்குள் ஆலமரம். வாப்பாவைப் பற்றிக் கேட்பதற்கு அந்தக் காலத்து ஆள் ஒருவர்கூட அங்கே இல்லை. திரும்பி வந்ததும் உம்மா ஒன்றைத்தான் கேட்டார்.

"கரையில வள்ளம் கிடந்திச்சா?"

"இல்ல உம்மா."

"அப்ப வெளிக்கிட்டிருக்கிறார்" என்றார். முகம் தெளிந்து, அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டார்.

அதற்கு அடுத்த வருடம், பள்ளிவாசல்துறைக் கடற்தொழிலாளி ஒருவர் கிழிந்த வலையையும் ஒரு மரக்கட்டையையும் மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு கொட்டிலுக்கு வந்தார்.

"இந்தச் சனியன்தான் வலையக் கிழிச்சது நானா. அடுப்புக்கு வைப்பம் எண்டு பார்த்தா உள்ளுக்க வட்டமா என்னமோ இருக்கு. நீங்கதானே காசு டொக்டர், பாருங்க."

கட்டையைப் பூச்சி அரித்து வலைபோல் ஆக்கியிருந்தது. ஒரு பக்கம் மட்டும் கெட்டியாக இருந்தது. அங்கே ஒரு கறுப்பு வட்டம். மச்சான் இயந்திரமொன்றைக் கழற்றிக்கொண்டு அங்கேதான் இருந்தார். உளியை எடுத்து நெம்பினார். வட்டம் முழுதாகக் கழன்று வந்தது. கத்தி முனையால் ஓரத்துக் கறுப்பை மெல்லச் சுரண்டியபோது உள்ளே உலோகம் மினுங்கியது.

எனக்குக் குங்கிலியம்போலத்தான் பட்டது. மணந்து பார்த்தேன். கடல் மணம்தான் வந்தது. மேற்புறத்தில் ஒரு குழி, பெருவிரல் அளவில். நடுவில் வரம்பு இருக்கிறதா என்று தடவினேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒருதரம் இருப்பதுபோலவும் ஒருதரம் இல்லாததுபோலவும் இருந்தது. என் விரலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. றெசினில் செத்த இந்த விரலுக்குக் கல்லும் துணியும்கூட ஒன்றுதான்.

கடற்தொழிலாளிக்கு வலைக்கு நூல் வாங்கிக் கொடுத்தார் மச்சான். அவர் கட்டையை விட்டுவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் ராத்தாவைக் கூப்பிட்டோம். உம்மா கரைக்குப் போயிருந்தார்.

"உடனே அசிட்டோன்ல போடு" என்றார் மச்சான். "காசில வருஷம் இருக்கும்தானே. தொண்ணூறுக்குப் பிறகு அடிச்ச காசெண்டா மாமாட வள்ளம் இல்ல. பிரச்சினை முடிஞ்சுது."

"ராசா தலையெண்டா?" என்று ராத்தா கேட்டார்.

மச்சான் கொஞ்சம் நின்று, "அப்பவும் முடிஞ்சுது" என்றார்.

"உம்மாட கையில குடுக்காம ஒண்டும் செய்யப்படாது. வாப்பாட விரலை அவக்குத்தான் தெரியும். கழுவினா அது போயிடும்."

"உம்மா தொட்டுப் பார்த்து ஓம் எண்டு சொல்லுவாவா? உங்கட உம்மாவை உங்களுக்குத் தெரியாதா?"

"சொல்லாட்டிப் பரவாயில்ல. அவட சாமான் அது."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் வெளியே போய்ச் சிலாபத்து மாத்தயாவுக்குப் போன் பண்ணினேன். திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

"குங்கிலியத்துக்கு அசிட்டோன் போடலாம். காசுக்கு ஒண்டும் ஆகாது" என்றார். பிறகு, "ஆனா மேல இருக்கிற தடம் நிக்காது தம்பி. ரெண்டையும் வச்சுக்கொள்ள வழியில்ல. உங்களுக்கு எது வேணும் எண்டு நீங்கதான் பார்க்கணும். முதல்ல ஒரு படம் எடுத்து வைங்க" என்றார்.

மச்சானின் போனில் படம் எடுத்தோம். அந்தக் காலத்துப் போன். கறுப்பு வட்டத்தில் ஒரு கறுப்பு. வேறொன்றும் தெரியவில்லை.

மஃரிபுக்குப் பிறகு ராத்தா அதை உம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். உம்மாவுக்கு அப்போது கண்ணில் வெள்ளை விழுந்திருந்தது. பார்வை மங்கல். கட்டை வந்த விதத்தை ராத்தா சொல்லிக்கொண்டிருக்கும்போதே உம்மாவின் பெருவிரல் அந்தக் குழிக்குள் போய்விட்டது. போய் அங்கேயே நின்றது. மச்சான் மேசை விளக்கைக் கிட்டக் கொண்டுவந்தார்.

"என்ன உம்மா?"

"எனக்குத் தெரியல்ல" என்றார் உம்மா.

"நல்லாத் தடவிப் பாருங்க."

"தெரியல்ல எண்டு சொல்லுறன்தானே. எத்தனை ஓடாவி, எத்தனை வள்ளம். கடல் முழுக்கக் கட்டைதான்." அதை முந்தானையில் முடிந்துகொண்டு படுக்கப் போனார்.

மச்சான் என்னைப் பார்த்துக் கையை விரித்தார்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. மச்சானும் நானும் ஜும்ஆவுக்குப் போனோம். ராத்தா பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி உள்ளே கண் அயர்ந்துவிட்டார். நான் தொழுதுவிட்டு வந்தபோது உம்மா வீட்டோடு சேர்ந்த என் கொட்டிலில் இருந்தார். வெளியில், காற்றுப் பக்கமாக, கவிழ்த்த போட்டின் நிழலில் பலகைக் கட்டையொன்றில் உட்கார்ந்திருந்தார். முன்னால் கண்ணாடிக் கிளாஸ். தயிர்க் கோப்பையை எடுக்கவில்லை. நான் காசு கழுவுவதை எத்தனையோ நாள் பக்கத்தில் இருந்து பார்த்தவர். ஒன்றும் பிழையாகச் செய்யவில்லை. மரக்குச்சிகூடப் பக்கத்தில் வைத்திருந்தார். கிளாஸில் அசிட்டோன் பழுப்பாகக் கலங்கி, அடியில் கூழ்போல ஏதோ நின்றது. உம்மாவின் விரல்கள் அசிட்டோன் பட்டு, எண்ணெய்ப் பசை போய், சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தன.

காசு சேலைத் துண்டில் காய்ந்துகொண்டிருந்தது.

"வருஷத்தை வாசி" என்றார்.

எடுத்தேன். ஒரு கீறல் இல்லை. மாத்தயா சொன்னபடியே காசுக்கு ஒன்றும் ஆகவில்லை. மஞ்சள் நிறத்தில், அன்றைக்கு அடித்ததுபோல் இருந்தது. ஒரு பக்கம் ராசாவின் தலை. மறுபக்கம் இலக்கம்.

உம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. நான் என்ன சொன்னாலும் அதுதான். அது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அந்த நேரத்தில் அப்படி ஒன்றும் தோன்றவில்லை. பள்ளியில் வாத்தியார் கேட்டதுபோல், இருந்ததை வாசித்தேன்.

"ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்து மூண்டு."

"இன்னொருக்கா வாசி."

வாசித்தேன்.

"மற்றப் பக்கம்?"

"ராசா தலை உம்மா."

உம்மா தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரம்பு இருந்திச்சு" என்றார். "தொட்ட உடனேயே தெரிஞ்சிது. அவர்ர விரல். எத்தினை நாள் மருந்து கட்டின விரல். வருஷமாவது வேறமாதிரிச் சொல்லாதா எண்டு பார்த்தன். அதுக்குத்தான் கழுவினன்."

காசைச் சேலைத் துண்டில் திரும்ப வைத்தேன். உள்ளே ராத்தாவின் பிள்ளை அழத் தொடங்கியது.

"அவளிட்ட வெள்ளைச் சேலை இருந்தா எடுக்கச் சொல்லு" என்றார்.

கிளாஸை நான் எடுக்கப் போனபோது, "ஊத்தாதே" என்றார். அப்படியே விட்டேன். அசிட்டோன் நிற்காது. அஸர் ஆகும்போது எல்லாம் காற்றில் போய்விட்டது. அடியில் வெற்றிலைக் காவிபோல ஒரு படலம் மட்டும் காய்ந்து கிடந்தது. அதில் விரலும் இல்லை, வரம்பும் இல்லை. உம்மா அதையும் தடவிப் பார்த்தார்.

அன்றைக்கு அவர் கரைக்குப் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை.

மௌலவி வந்தார். பள்ளிவாசலில் வாப்பாவுக்குக் காயிப் ஜனாஸாத் தொழுகை தொழுவித்தார். மையித்து, அதாவது இறந்தவரின் உடல், இல்லாதபோது தொழுகிற தொழுகை அது. இத்தாவைப் பற்றிக் கேட்டபோது திரைக்கு வெளியில் நின்று மெதுவாகச் சொன்னார்.

"உம்மா, அது மௌத்தான நாள்ல இருந்து கணக்கு. எப்பவோ முடிஞ்சு போச்சு. இனி நீங்க இருக்கத் தேவையில்ல."

"அவருக்கு எப்பவோ முடிஞ்சிருக்கும்" என்று உம்மா உள்ளே இருந்து சொன்னார். "எனக்கு நேத்துத்தானே."

உம்மா வெள்ளை உடுத்தி அறைக்குள் இருந்தார், இத்தாக் காலம் முழுக்க. கிணற்றடியில் கேலி பேசியவள்கூட ஒருநாள் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, அழுதுவிட்டுப் போனாள். காலம் முடிந்து வெளியில் வந்த பிறகும் உம்மா நிறச் சேலை எடுக்கவில்லை. சாப்பாடு குறைந்தது. முன்பு கடலில் போட் சத்தம் கேட்டால் பாதிக் கதையில் நிறுத்திக் காது கொடுப்பார். அது நின்றுபோனது. நாங்கள் கதைப்பதையும் அவர் கேட்கிறாரா என்று தெரியாது. காணி விசயமாக மச்சான் கேட்டபோது சொல்ல வேண்டியதைச் சொல்லிக் கைவிரல் அடையாளம் வைத்துக் கொடுத்தார். மச்சானால் அதைக் கையில் வைத்துக்கொண்டு உம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இன்னும் அங்கே குடில் போடவில்லை.

அடுத்த நோன்புக்கு முன் உம்மா மௌத்தாகிவிட்டார். நோய் வருத்தம் என்று ஒன்றும் பெரிதாக இல்லை. டொக்டர் இரத்தம் குறைவு என்றார். வாப்பாவைத் தேடிக்கொண்டிருந்தவரைக்கும் அவருக்கு ஒரு தலையிடிகூட வந்ததில்லை.

ராத்தா ஒருநாள் என்னிடம், "நாப்பத்து மூண்டு எண்டு ஏன் வாசிச்சாய்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். பிறகு அவரே, "நீ எதை வாசிச்சாலும் அவக்குத் தெரிஞ்சுதான் இருந்தது" என்றார். எனக்கு அப்படித்தான் படுகிறது. ஆனாலும் சில நாட்களில் பிரஷ் கழுவும்போது அந்தக் கேள்வி வரும்.

ஆகவே காசைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு என் பதில் இது. கலப்பில்லாத அசிட்டோன் காசுக்கு நல்லது. கண்ணாடிக் கிளாஸில், வெளியில், நெருப்புக்குத் தூரமாக ஊறப் போடுங்கள். தேய்க்க வேண்டாம். மற்றதெல்லாம் வேண்டாம். ஆனால் போடுவதற்கு முன், மேலே இருக்கிறது என்ன, அதைப் பூசியது யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். எத்தாளைக்காரரிடமும் அதைத்தான் கேட்க நினைத்தேன். "வீதிக்குப் போடுற வெறும் தார் நானா, வேற என்ன" என்று அவராகவே சொன்னார். அதன்பிறகுதான் அவருடைய காசைப் போட்டேன். நன்றாக வந்தது.

வாப்பாவின் காசு அலுமாரியில், அந்தக் கிளாஸுக்குள்ளேயே இருக்கிறது. ஒருமுறை சிலாபத்து மாத்தயாவிடம் காட்டினேன். வாங்கக் கேட்கவில்லை. விற்கிற காசில்லை என்று அவருக்குத் தெரியும். பூதக்கண்ணாடியால் வெகுநேரம் பார்த்தார்.

"சுத்தமா வந்திருக்கு. உம்மா நல்லாச் செஞ்சிருக்கா" என்றார். "ராசாட கழுத்துக்குக் கீழ, எழுத்து இடுக்கில மட்டும் ஒரு பொட்டு குங்கிலியம் நிக்குது. இன்னொருக்கா ஊறப் போட்டா அதுவும் போயிடும்."

"ஓம் மாத்தயா" என்றேன்.

இன்னும் போடவில்லை.

2023 ஒக்டோபர் 27, வெள்ளிக்கிழமை